இரண்டு பேர் மட்டும் பாய்ப்படகில் கரீபியன் தீவுகளில் வாழ்வது எப்படி?

கேள்வி: "கணவன், மனைவி இருவர்தான். வயது ஐம்பதை நெருங்குகிறது. பாய்ப்படகு ஓட்டும் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறோம். பழைய படகு ஒன்றை வாங்கி, கிழக்குக் கரீபியனில் ஒரு பருவம் முழுக்கத் தீவு தீவாகப் போய்த் தங்க நினைக்கிறோம். நடைமுறையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?"

தாராளமாகப் போகலாம். மார்த்தினீக்கின் லெ மாரன் துறையிலும் கிரெனடாவின் பிரிக்லி விரிகுடாவிலும் உங்களைப் போன்ற தம்பதிகளின் படகுகள்தான் எங்கும் கண்ணில் படும். ஆனால் "நாங்கள் இருவர் இருக்கிறோமே" என்ற கணக்கை முதலிலேயே விட்டுவிடுங்கள். இரவில் ஒருவர் தூங்கினால் மற்றவர் தனியாள். ஒருவருக்குக் கடல் குமட்டல் வந்து படுத்துவிட்டால் மற்றவர் தனியாள். ஒருவர் கையை உடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். எந்த நேரத்திலும் படகு ஒருவர் கையில்தான் இருக்கிறது. எந்தப் படகு, எந்தப் பாய், எவ்வளவு கனமான நங்கூரம் என்று எதைத் தீர்மானிக்கும்போதும் "இதை நம் இருவரில் பலம் குறைந்தவர் தனியாகச் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். கீழே உள்ள எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். மார்த்தினீக், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், பெக்கியா, யூனியன், கரியாகூ, கிரெனடா என்று தீவுகள் வடக்கு தெற்காக வரிசையில் நிற்கின்றன. காற்று ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வருகிறது; சாதாரணமாக 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). ஆகவே வடக்கே போனாலும் தெற்கே போனாலும் காற்று பக்கவாட்டில்தான். லெ மாரனிலிருந்து செயின்ட் லூசியாவின் ராட்னி விரிகுடாவுக்குச் சுமார் 25 கடல் மைல். அதே தீவின் தென்பகுதியிலுள்ள பிட்டன் மலையடியிலிருந்து பெக்கியாவுக்கு ஏறக்குறைய 50. பெக்கியாவிலிருந்து டொபேகோ கேய்ஸ் என்ற குட்டித் தீவுகள் 25, யூனியனிலிருந்து கரியாகூ 8, அங்கிருந்து கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜ்ஸ் 30. மணிக்கு 6 கடல் மைல் போகும் படகுக்கு எல்லாமே பகல் பொழுதில் முடியும் தூரம். புதியவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வருவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்குப் பக்கம் சாய்ந்து 25 நாட்டைத் தொடும். அப்போது வடக்கே ஏறினால் அலை முகத்தில் அடிக்கும். பிப்ரவரி பின்பாதியிலிருந்து மே வரை கடல் சற்றுச் சாதுவாக இருக்கும்.

வரைபடத்தில் தெரியாத ஒன்று, தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களின் குணம். தீவு காற்றை மறைக்கும் மேற்குப் பக்க நிழலில் காற்றே இருக்காது. இன்ஜினைப் போட்டுக்கொண்டு போவீர்கள். தீவின் முனையைத் தாண்டியதும், இரண்டு தீவுகளுக்கு நடுவில் நெருக்கப்பட்ட காற்று 8, 10 நாட் கூடுதலாக வந்து அறையும். அட்லாண்டிக் அலையும் அங்கேதான் நேராக உள்ளே வருகிறது. மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் மணிக்கு ஒரு மைல் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். முனைக்கு வெளியே போய்ப் பாயைச் சுருக்கலாம் என்று இருந்தால், ஆடும் மேல்தளத்தில் ஒருவர் தனியாக அந்த வேலையைச் செய்ய நேரும். ஆகவே நிழலில் இருக்கும்போதே முதல் சுருக்கைப் போட்டு, அதாவது பாயின் பரப்பை ஒரு படி குறைத்துவிடுங்கள். 18, 20 நாட்டுக்கு முதல் சுருக்கு, 25க்கு இரண்டாவது என்பது இருவர் படகுக்குப் பொருந்தும் கணக்கு. கரியாகூவிலிருந்து கிரெனடாவுக்குப் போகும் வழியில் கிக் எம் ஜென்னி என்ற கடலடி எரிமலை இருக்கிறது, 2017இல்கூட வெடித்தது. அமைதியாக இருக்கும் காலத்திலும் அதிலிருந்து 1.5 கிலோமீட்டர் தூரத்துக்குள் போகக் கூடாது. எச்சரிக்கை நிலை கூடினால் 5 கிலோமீட்டர். புறப்படும் முன் அன்றைய நிலையைப் பாருங்கள்.

படகைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இருவருக்கு 11 முதல் 12.5 மீட்டர் நீள ஒற்றை உடல் படகு போதும். கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகு நங்கூரத்தில் ஆடாது, இடம் தாராளம். ஆனால் விலை, துறைக் கட்டணம், கரையேற்றும் செலவு எல்லாம் எகிறும். முன்பாய் சுருட்டும் வகையில் இருக்க வேண்டும். பெரிய பாயைச் சுருக்கும் கயிறுகள் காக்பிட்டுக்கே (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கே) வந்தால் நல்லது. தானியங்கிச் சுக்கான் கட்டாயம், அதற்கு உதிரி மோட்டாரும் வேண்டும். மூன்றாவது ஆள் அதுதான். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் 10, 15 ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைப் படகின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்காற்றில் போகும்போது பூமை (பெரிய பாயின் அடியிலுள்ள கட்டையை) முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு இல்லாமல் போகாதீர்கள். பூம் எதிர்பாராமல் மறுபக்கம் வீசினால் மண்டையைப் பிளக்கும்.

இனி நங்கூரம். இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இந்த வாழ்க்கையில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருப்பதல்ல, நின்றுகொண்டிருப்பது. 12 மீட்டர் படகுக்கு 25 கிலோ எடையுள்ள புதுவகை நங்கூரம் வேண்டும். ராக்னா, ஸ்பேட், மான்டஸ் எதுவானாலும் சரி. பழைய படகோடு வரும் கலப்பை வடிவ நங்கூரத்தை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 முதல் 80 மீட்டர் வேண்டும். அது மீட்டருக்கு 2.3 கிலோ அளவில் கனக்கும்.

எவ்வளவு சங்கிலி விடுவது? பலர் நீரின் ஆழத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். படகின் முன்முனை நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ அதையும் சேர்க்க வேண்டும். 6 மீட்டர் ஆழம், 1.2 மீட்டர் முனை உயரம் என்றால் 7.2. ஐந்து மடங்கு 36 மீட்டர், சாதாரண நாளுக்கு இது போதும். 25 நாட்டுக்கு மேல் காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, அதாவது 50 மீட்டர். இந்தப் பகுதியில் கடல் ஏற்றவற்றம் அரை மீட்டர் அளவில்தான் என்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

செய்முறையில் முதல் விதி, பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர்வது. வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால்தான் தண்ணீரின் நிறம் படிக்க முடியும். போலராய்டு கண்ணாடி அவசியம். கருநீலம் ஆழம், வெளிர்நீலம் மணல், பழுப்பு பவளப்பாறை அல்லது கடற்புல். மணல் திட்டை மட்டும் தேடுங்கள். அங்கே ஒரு வட்டம் சுற்றி, பக்கத்துப் படகுகள் எப்படித் திரும்புகின்றன என்று பாருங்கள். காற்றுக்கு எதிரே வந்து படகு முழுதாக நின்று, பின்னே நகரத் தொடங்கும்போது நங்கூரத்தை இறக்குங்கள். அசையாமல் நிற்கும் படகிலிருந்து சங்கிலியைக் கொட்டினால் அது நங்கூரத்தின் மேலேயே குவிந்து, அதன் கொக்கியில் சிக்கிக்கொள்ளும். மூன்று மடங்கு போனதும் கொஞ்சம் நிறுத்தி, நங்கூரம் மண்ணைக் கவ்வ விடுங்கள். பிறகு மீதியை விட்டு, ஸ்னப்பரை மாட்டுங்கள். ஸ்னப்பர் என்பது 14 அல்லது 16 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 8 முதல் 10 மீட்டர் நீளம்; ஒரு முனை சங்கிலியில், மறுமுனை படகின் கட்டையில். அலையின் உலுக்கலை நைலான் நீண்டு வாங்கிக்கொள்ளும். இது இல்லாவிட்டால் அந்த உலுக்கல் முழுதும் விண்ட்லாஸின் (சங்கிலியை இழுக்கும் மின் எந்திரத்தின்) பல்சக்கரத்துக்குப் போய், ஒருநாள் அது உடையும்.

அடுத்து இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு முதலில் மெதுவாக, பிறகு 1800, 2000 சுழற்சிவரை ஏற்றி அரை நிமிடம் வைத்திருங்கள். கரையில் பக்கவாட்டில் ஒரு மரமும் அதன் பின்னே ஒரு கம்பமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு நகர்ந்தால் நங்கூரமும் நகர்கிறது. கடைசியாக, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு குதித்து நேரில் பார்த்துவிடுங்கள். இங்கே தண்ணீர் 28 பாகை சூட்டில் இருக்கும்போது இதைச் செய்யாமல் விடுவது வெறும் சோம்பல்.

நங்கூரம் ஏன் இழுபடுகிறது? அனேகமாகக் கடற்புல்தான். நங்கூரம் வேர்ப்பாயில் சிக்கி, பிடித்ததுபோல ஏமாற்றும். இரவு மழைக்காற்று 35 நாட்டில் திடீரென்று வரும்போது புல்லோடு பெயர்ந்து வந்துவிடும். கூரில் பெரிய சங்கு மாட்டிக்கொள்வதும் உண்டு. பாறைக்கல் தரையில் மேலோட்டமாகத்தான் நிற்கும். வெளியே எடுத்துப் பார்க்காமல் மறுபடி இறக்கினால் மறுபடி அதே கதைதான்.

படகு இடம் நகர்ந்தால் எழுப்பும் நங்கூர அலாரம் இரவில் அடித்தால் காரியம் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்கான ஏற்பாடு படுக்கும் முன்னே இருக்க வேண்டும்: சாவி இன்ஜினில், டிங்கி (கரைக்குப் போய்வரும் சிறு படகு) மேலே தூக்கியபடி, தண்ணீரில் தொங்கும் கயிறு ஒன்றும் இல்லை, டார்ச் படியருகே. யார் சுக்கான், யார் முன்பக்கம் என்பது பேசி முடிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலான படகுகளில் கணவர் சுக்கானில் நின்று கத்துகிறார், மனைவி முன்னே சங்கிலியோடு போராடுகிறார். மாற்றி நில்லுங்கள். பொத்தானை அமுக்கினால் விண்ட்லாஸ் இழுக்கப்போகிறது. பொறுமையாகப் படகைப் பிடித்து நிறுத்துவதுதான் கலை. இருவரும் மாட்டிக்கொள்ளும் ஒலிவாங்கி வைத்த காதணிக் கருவி ஒரு ஜோடி வாங்கினால் கத்தல் நின்றுவிடும். சில நூறு டாலர் ஆகும். படகில் மிக லாபகரமான செலவு அதுதான் என்பேன். விண்ட்லாஸால் படகை முன்னே இழுக்காதீர்கள், இன்ஜினால் முன்னே போய்த் தளர்ந்த சங்கிலியை ஏற்றுங்கள். 1000 வாட் விண்ட்லாஸ் 80 ஆம்பியர் வாங்கும், ஆகவே அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது பழுதானால்? 6 மீட்டர் ஆழத்தில் தொங்கும் சங்கிலி 14 கிலோ, நங்கூரம் 25. மொத்தம் 39 கிலோவைக் கையால் தூக்க வேண்டும். தனியாளால் சிரமம். சங்கிலிக் கொக்கியைக் கயிற்றில் கட்டி, காக்பிட்டின் வின்ச்சுக்கு (கயிறு இழுக்கும் உருளைக்கு) கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வழியை அமைதியான ஒரு நாளில் ஒத்திகை பாருங்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வட அட்லாண்டிக் புயல்கள் அனுப்பும் வடக்கு அலை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவ்வப்போது வந்து, காற்றே இல்லாத மேற்குக் கரை விரிகுடாக்களில் படகைத் தொட்டிலாட்டும். தூக்கம் போய்விடும். அலை முன்னறிவிப்பில் வடக்குத் திசையும் 10 வினாடிக்கு மேற்பட்ட இடைவெளியும் தெரிந்தால் தெற்கு நோக்கிய, மூடிய விரிகுடாவுக்கு முன்கூட்டியே போய்விடுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். 12 வோல்ட் கணக்கில், நல்ல காப்பு உள்ள ஃப்ரிட்ஜ் இந்த வெப்பத்தில் நாளுக்கு 50, 60 ஆம்பியர் மணி தின்னும். உறைபெட்டி தனியாக இருந்தால் இன்னும் அவ்வளவு. விசிறிகளும் விளக்குகளும் 20, 25. செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க்கின் சிறிய மினி வகையே 30 வாட் அளவில் எடுக்கிறது. நாள் முழுக்க விட்டால் 60 ஆம்பியர் மணி, ஒரு ஃப்ரிட்ஜுக்குச் சமம். ஆகவே அதற்கு ஒரு சுவிட்ச் வையுங்கள். குடிநீர்க் கருவியையும் சேர்த்தால் 150 முதல் 200 வரை வந்துவிடும். 100 வாட் சோலார் பேனல் இந்த வெயிலில் நாளுக்கு 25, 30 ஆம்பியர் மணி தரும் என்று வைத்துக்கொண்டால் 600 வாட் தேவை. பாய்மரத்தின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே அதன் உற்பத்தி பெருமளவு விழுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி எம்.பி.பி.டி. கருவி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) வைப்பது நல்லது.

லித்தியம் பேட்டரி இன்று எல்லோரும் போடுகிறார்கள், அதில் ஒரு பொறி இருக்கிறது. ஈய பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் குறைக்காது; இன்ஜினோடு சுழன்று மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டர் தரும் அத்தனையையும் கடைசிவரை உறிஞ்சும். தொடர்ந்து முழுச்சுமையில் ஓடும்படி வடிவமைக்கப்படாத சாதாரண ஆல்டர்னேட்டர் ஒரு மணி நேரத்தில் கருகிவிடக்கூடும். இரண்டாவது ஆபத்து: இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால், போக்கிடமில்லாத வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளை எரிக்கும். மலிவான தீர்வு, ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட் செய்யும் ஈய பேட்டரியோடு மட்டும் இணைத்து, அங்கிருந்து 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அனுப்புவது. வெப்ப உணரி உள்ள வெளி ரெகுலேட்டர் போடுவது அடுத்த வழி.

தண்ணீர்: சிக்கனமாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 35 லிட்டர் போதும். 400 லிட்டர் தொட்டி பத்து நாளுக்கு மேல் வரும். மணிக்கு 25 லிட்டர் தரும் 12 வோல்ட் குடிநீர்க் கருவி 9 ஆம்பியர் எடுக்கும், தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். கடல்நீரை 55 பார் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளுவதுதான் இதன் வேலை. சவ்வுக்கு எமன் இரண்டு: டீசல் படலமும் குளோரினும். நெரிசலான துறைமுகத்தில் ஓட்டாதீர்கள். கரைக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, கார்பன் வடிகட்டி இல்லாமல் அதை வைத்துக் கருவியைக் கழுவாதீர்கள். ஓட்டாமல் வைத்திருந்தால் ஐந்து, ஏழு நாளுக்கொருமுறை நன்னீரால் கழுவ வேண்டும்.

இன்ஜினில் பெரும்பாலும் பழுதாவது விலையுயர்ந்த பாகங்கள் அல்ல. கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இதழ்ச் சக்கரம்) கிழியும். புதியதை மாட்டினால் மட்டும் போதாது. உடைந்த இதழ்களை எண்ணித் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் அவை வெப்ப மாற்றியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு இன்ஜின் மறுபடி சூடாகும். 2011 முதல் கரீபியனுக்கு மிதந்துவரும் சர்காசம் பாசி கடல்நீர் வடிகட்டியை அடைக்கும். ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு, அலை உலுக்கும் கால்வாயின் நடுவில்தான் கலங்கி வடிகட்டியை அடைக்கும். அமைதியான துறையில் ஒருபோதும் அடைக்காது. ஆகவே வடிகட்டி ஒரு டஜன், இம்பெல்லர் நான்கு, பெல்ட் இரண்டு செட் உதிரியாக இருக்கட்டும். கழிவறைக் குழாய்க்குள் சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். வாரம் ஒருமுறை வினிகர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

டிங்கிதான் உங்கள் இருசக்கர வாகனம்: 3 மீட்டர், அலுமினிய அடித்தளம், 10 முதல் 15 குதிரைத்திறன் மோட்டார். இரவில் அதைத் தண்ணீரில் விட்டுவைத்தால் காலையில் இல்லாமல் போகலாம். தூக்கிக் கட்டி, பூட்டுங்கள். நீங்கள் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு நாடாவை மணிக்கட்டில் மாட்டாமல் ஓட்டவே கூடாது. கீழே விழுந்தவரையே சுற்றிவந்து மோட்டார் வெட்டிய விபத்துகள் உண்டு.

காகித வேலை எளிதுதான், ஒழுங்கு மட்டும் வேண்டும். புதிய நாட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். கேப்டன் மட்டும் படகுப் பதிவுச் சான்று, கடவுச்சீட்டுகள், முந்தைய நாட்டின் அனுமதிச் சீட்டு ஆகியவற்றோடு கரைக்குப் போவார். ஆங்கிலம் பேசும் தீவுகள் பலவற்றில் செயில்கிளியர் தளத்தில் முன்கூட்டியே விவரம் பதியலாம். வாரக்கடைசியில் போனால் கூடுதல் நேரக் கட்டணம் கேட்பார்கள். மார்த்தினீக்கில் கடையில் வைத்திருக்கும் கணினியில் நீங்களே பதிந்துகொள்ளலாம், சில யூரோதான். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பிரான்சுக்குப் போகும் சாதாரண ஷெங்கன் விசா மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குச் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்ட விசா வேண்டும். செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா மூன்றிலும் கிழக்குக் கரீபியன் டாலர்தான்; 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலைத்திருக்கிறது.

சாமான் வாங்க மார்த்தினீக்தான் சிறந்த இடம். புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் இந்தத் தீவுக்கு வந்தது 1853இல். அங்கே கொலம்போ என்று விற்கும் மசாலாப் பொடி மஞ்சளும் மல்லியும் கடுகும் சேர்ந்தது, நம் கறித்தூளுக்குத் தூரத்துச் சொந்தம். கிரெனடாவில் பருப்பு, அரிசி, கறிப்பலா, வாழைக்காய் எல்லாம் கிடைக்கும். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். குளிரூட்டப்படாத முட்டையை வாங்கி, இரண்டு நாளுக்கொருமுறை புரட்டிவைத்தால் மூன்று வாரம் தாங்கும். அலையில் சமைக்கப் பிரஷர் குக்கரைப் போல் ஒன்றில்லை. மூடி பூட்டிக்கொள்ளும், கேஸும் மிச்சம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டிக்கு வெளியே வடியும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மீன் பிடித்துச் சாப்பிடலாம், எல்லாவற்றையும் அல்ல. பவளப்பாறையில் மேயும் மீன்களைத் தின்று வளரும் பாரகூடா (நம் ஊரில் சீலா) போன்றவற்றில் சிகுவடெரா என்ற நஞ்சு சேரும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. வாந்தி, மரமரப்பு, குளிர்ந்தது சுடுவதாகத் தோன்றும் உணர்வு வாரக்கணக்கில் நீடிக்கலாம். மார்த்தினீக்குக்கு வடக்கே இந்த அபாயம் கூடுதல். ஆழ்கடலில் தூண்டில் இழுத்துப் பிடிக்கும் சூரையும் மாகிமாகியும் பயமில்லை. செயின்ட் வின்சென்ட் நாட்டுக் கடலில் வெளிநாட்டவர் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது சட்டவிரோதம். கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள்போலக் காய்க்கும் மான்சினீல் மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதீர்கள். இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் பொசுக்கும். பல இடங்களில் தண்டில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். டெங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிரெனடா இவ்வளவு தெற்கே, வட அட்சரேகை 12ஆம் பாகையில் இருப்பதால் பத்திரம் என்று பலர் நம்பினார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி அதைப் பொய்யாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைச் சூறாவளியாகக் கரியாகூவில் கரையேறியது. புயல் 15, 20 நாட்டில் வரும், நீங்கள் 6 நாட்டில் ஓடுவீர்கள். அமெரிக்க தேசியச் சூறாவளி மையத்தின் ஏழு நாள் கணிப்பில் ஆப்பிரிக்கப் பக்கம், புயல் உருவாகலாம் என்று காட்டும் ஆரஞ்சு நிறம் தெரியும்போதே முடிவெடுக்க வேண்டும். உங்கள் திட்டம் ஒரே பருவம்தான் என்றால் மே கடைசியில் படகைக் கரையேற்றி, இரும்புத் தொட்டிலில் நிறுத்தி, தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டைகளால் இறுக்கி, பாய்களை எல்லாம் கழற்றி உள்ளே வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள். படகு எந்த அட்சரேகைக்குள் இருந்தால் புயல் சேதத்துக்குப் பணம் தருவார்கள் என்று காப்பீட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

செலவு: நங்கூரத்திலேயே தங்கி, படகிலேயே சமைத்தால் மாதம் 2000 முதல் 3500 அமெரிக்க டாலர் என்று பலர் சொல்லும் கணக்கு ஏறக்குறைய சரி. அது தவிர படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும். பழைய படகென்றால் முதல் ஆண்டில் அதற்கு மேலும் ஆகும்.

ஒருவர் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மிதவையை வீசு, ஜி.பி.எஸ். பொத்தானை அமுக்கு, விரலை நீட்டிக்கொண்டே இரு என்று பயிற்சியில் சொல்வார்கள். விரலை நீட்ட மூன்றாவது ஆள் வேண்டும், உங்களிடம் இல்லை. இருவர் படகில் முதல் வேலை படகை அங்கேயே நிறுத்துவது. முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமல் படகின் முன்முனை காற்றைத் தாண்டி மறுபக்கம் போகும்படி சுக்கானை முழுதாகத் திருப்பினால், பாய் பின்னோக்கி நிரம்பி, படகு ஓரிரு நீளத்துக்குள் நின்றுவிடும். பிறகு வி.எச்.எஃப். வானொலியில் (படகுகள் பேசிக்கொள்ளும் வானொலி) ஆபத்துச் செய்தி அனுப்பும் சிவப்புப் பொத்தானை ஐந்து வினாடி அமுக்குங்கள். தண்ணீரில் கயிறு தொங்கவில்லை என்று பார்த்த பிறகே இன்ஜின். கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் எல்லாம் முடிந்தது. அருகே வந்ததும் அடுத்த சிக்கல்: நனைந்த 80 கிலோ மனிதரைக் கையால் தூக்கவே முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை வின்ச்சில் போட்டோ, நான்கு மடங்கு கப்பியை வைத்தோதான் ஏற்ற முடியும். அந்தக் கப்பி எடுத்தவுடன் கிடைக்கும் பையில் இருக்கட்டும். இதையெல்லாம்விட, விழாமல் இருப்பது எளிது. இரவில் தனியாகக் காவல் இருப்பவர் உடலைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரை மாட்டியே இருக்க வேண்டும். மற்றவரை எழுப்பாமல் காக்பிட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. இரவுப் பயணத்தில் மூன்று மணி நேரக் காவல் மாற்றி மாற்றி, இருட்டும் முன்பே ஒரு சுருக்கு.

படகை வாங்கும் முன் லெ மாரனில் மாலுமி இல்லாமல் நீங்களே ஓட்டும் படகு ஒன்றை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஏப்ரலில் வேண்டாம், எல்லோருக்கும் பிடித்துவிடும். காற்று பலமாக இருக்கும் ஜனவரியில் எடுங்கள். தெற்கே பெக்கியா வரை போய்த் திரும்புங்கள். திரும்பும் பயணம் முழுக்க, உங்கள் இருவரில் யாருக்குத் தயக்கம் அதிகமோ அவர் கேப்டன். பாய், சுக்கான், நங்கூரம், குடியேற்ற அலுவலகம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். லெ மாரனில் இறங்கியதும் படகு வாங்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.